சீனக் கதைக்குப் பயன் சொல்லுறது

இல்லை இரத்தினம், தேத்தண்ணி காணும், இனி வேண்டாம். நீர் அந்தக் கதவைச் சாத்திப்போட்டு இப்பிடி இரும். சனம் நிறைஞ்சிட்டுதெண்டு எனக்கும் கேக்குது. இந்த ஜேர்மனியிலை கெல்சென்கிர்ச்சன் ஆக்கள் காணாதெண்டு டுசல்டோர்ஃபிலை இருந்தும் வான் பிடிச்சு வந்திருக்கினம் போலை. ஓம், ஓம், அஞ்சு மணிக்கு ஹவுஸ்மைஸ்டர், அந்தக் காவல்காரன், மண்டபத்தைப் பூட்டத் திறப்போடை வந்து நிப்பான், தெரியும். கொஞ்சம் பொறும். நானே ஒரு இடத்திலை நிக்க ஏலாமல் உலாவிக்கொண்டு நிக்கிறன்.

மகளோ? ம்... வெள்ளிக்கிழமை வன்னியிலை இருந்து ஃபோன் எடுத்தவள். கதைச்சனாங்கள். அதைப் பேந்து சொல்லுறன்.

இல்லை, மனிசி கமலநாயகி வரேல்லை. உடம்புக்கு வருத்தமொண்டும் இல்லை. வரமாட்டன் எண்டிட்டா.

நீர் முதல் எனக்கு இதைச் சொல்லும். இண்டைக்குச் சீனக் கதையை விட்டிட்டு, பழையபடி அடியார் வரலாறு ஒண்டைச் சொன்னால் என்ன? சிரிக்காதையும். ஊரிலை கோயில் மண்டபத்திலை வருசக்கணக்காய்ப் புராணத்துக்குப் பயன் சொன்ன வாய் இது. ஒருத்தர் பாட்டைப் படிப்பார், நான் பொருளை விரிப்பன். எனக்கு வந்த வித்தை அவ்வளவுதான். இந்த ரெண்டாயிரத்தொன்பது பிறக்கேக்கை கிளிநொச்சி ஆமியிட்டை விழுந்ததெண்ட உடனை நீர்தான் ஓடி வந்தனீர். மாஸ்டர், சனம் இடிஞ்சுபோய்க் கிடக்கு, தெம்பாய் ஏதும் சொல்லுங்கோ எண்டு. எனக்கு வேறை என்ன தெரியும்? ஞானப்பிரகாசம் வாத்தியார் சொன்ன சீனக் கதையை எடுத்தன்.

அவரும் நானும் ஒரே பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சனாங்கள். ஆள் சீனச்சார்புக் கம்யூனிஸ்ட் கட்சி. என்ரை நெத்தியிலை திருநீறு, அவரின்ரை சட்டையிலை சிவப்புச் சின்னம். பின்னேரமானால் எங்கடை வீட்டிலை சண்டை. கோயில் உடைச்சவையின்ரை கதையை என்ரை வீட்டிலை சொல்லாதையும் எண்டு நான் கத்துவன். மனிசன் சிரிச்சுப்போட்டு இன்னும் விரிவாய்ச் சொல்லும். மகள் கலாதேவி அப்ப சின்னப்பிள்ளை. ரெண்டு பேருக்கும் நடுவிலை குந்தியிருந்து வாயைப் பாத்துக்கொண்டிருப்பாள். இப்ப பாரும், உங்கடை பெடியள் எனக்கு வைச்ச பட்டம் திருநீறு பூசின மாவோ. எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறாங்கள்.

நான் எப்பிடி விரிச்சனான், நீர்தான் கேட்டனீரே. முதல் சியாங் கை ஷேக்கும் மாவோவின்ரை ஆக்களும் ஒரு பக்கத்திலைதான் நிண்டவை. ஷாங்காயிலை ஒருநாள் விடிய முதல், கூட நிண்டவையையே அவன்ரை ஆக்கள் சுட்டுச் சரிச்சுப்போட்டினம். தப்பினவை மலைக்கு ஏறிச்சினம். பட்டினத்துத் தொழிலாளியை நம்பி வெளிக்கிட்டவை, அங்கைதான் வயல் உழுற கமக்காரனைக் கண்டது. பிரபுமாரின்ரை காணியைப் பிரிச்சு உழுதவனுக்குக் குடுத்தினம். ஒரு வீட்டிலை இராத்தங்கினால், மேலை படுக்கக் கழட்டின கதவை விடியத் திரும்பக் கொழுவிப்போட்டுத்தான் போகவேணும் எண்டு படைக்கு விதி. அதைச் சொல்லேக்கை பின்வரிசையிலை ஒரு மனிசி விம்மினது ஞாபகமோ? எங்கடை சனம் எல்லாம் ஒரு கதவைச் சும்மா சாத்திப்போட்டு வந்தவைதானே.

பிறகு சியாங்கின்ரை முற்றுகை. நாலுதரம் முறிச்சினம், அஞ்சாந்தரம் ஏலாமல் போச்சு. அதோடை நெடும்பயணம். எண்பதினாயிரத்துக்கு மேலை வெளிக்கிட்டு, ஒரு வருசமாய்ப் பனிமலையும் சேத்து நிலமும் நடந்து, வடக்கை போய்ச் சேர்ந்தது எட்டாயிரம் பேர் மட்டிலை. கயிலைக்கு எண்டு வெளிக்கிட்ட அடியார், கால் தேய்ஞ்சு, கை தேய்ஞ்சு, நெஞ்சாலை ஊர்ந்தமாதிரி எண்டு சொன்னன். பேந்து யப்பான்காரன் வந்தான். அவனோடை சண்டை பிடிச்ச பேர் இவைக்கு, களைப்பு சியாங்குக்கு. கடைசியிலை சியாங்கின்ரை காசு அடுப்பெரிக்கவும் உதவாமல் போச்சு. அவன்ரை படையள் அமெரிக்கன் துவக்கோடையே வந்து சரணடைஞ்சுதுகள். நாப்பத்தொன்பதிலை கொடி ஏறிச்சுது. பாத்தியளோ, பின்வாங்கினவைதான் பிறகு நாட்டை ஆண்டவை எண்டு நான் முடிக்க, சனம் எழும்பி நிண்டு கை தட்டும்.

ஓம், அதைத்தான் இண்டைக்கும் எதிர்பாக்கினம். தெரியும். ஆனா எங்கடை ஆக்களுக்கு இனிப் பின்வாங்க எங்கை இடம் கிடக்கு? கடல்தானே மிச்சம்.

மெல்லமாய்த்தான் கதைக்கிறன். கேக்கட்டும். துரோகி எண்டுவினமோ? எண்டட்டும். இந்த வயசிலை அந்தப் பட்டத்தையும் வாங்கிக்கொண்டு போறன்.

புராணம் படிக்கேக்கை ஒரு முறை இருக்கு, இரத்தினம். ஒரு சாவிலை, ஒரு பிரிவிலை கொண்டுபோய் ஏட்டைக் கட்டக் கூடாது. நேரம் போனாலும் இன்னும் ரெண்டு பாட்டுப் படிச்சு, நல்ல இடத்திலை விட்டுப்போட்டுத்தான் எழும்புவம். நான் சீனாவையும் அப்பிடித்தான் சொல்லியிருக்கிறன். அதுதான் நான் விட்ட பிழை எண்டு இப்ப விளங்குது. புராணத்துக்கு முடிவு எம்பெருமான் எழுதினது, பயமில்லாமல் பாய்ஞ்சு போகலாம். இது மனிசர் செத்த கதை. இதிலை ஒரு இடத்தை நான் கிழமைக்குக் கிழமை பாய்ஞ்சு போனனான். ஞானப்பிரகாசம் அந்த இடம் வந்தால் குரலைத் தணிச்சுத்தான் சொல்லுவார்.

நெடும்பயணம் வெளிக்கிட்டவையைச் சொன்னன். வெளிக்கிடாதவையை? காயக்காரர், காயக்காரரைப் பாக்க நிண்டவை, மறிச்சுப் பிடிக்க எண்டு நிண்டவை. ஆயிரக்கணக்கிலை விட்டிட்டுத்தான் போனது. கைக்குழந்தையோடை நடக்க ஏலாது எண்டு, பெத்த பிள்ளையளை வழியிலை கமக்காரர் வீடுகளிலை குடுத்திட்டுப் போனவை இருக்கினம். மாவோவின்ரை பிள்ளையும் அப்பிடித்தான் விடுபட்டது. கொடி ஏறின பிறகு ஊர் ஊராய் ஆள் விட்டுத் தேடிச்சினம். சிலது கிடைச்சுது. மாவோவின்ரை பிள்ளை கிடைக்கவேயில்லை. அவ்வளவு பெரிய நாட்டைப் பிடிச்சவைக்கு ஒரு பிள்ளையைப் பிடிக்க ஏலாமல் போச்சு.

சொல்லுறன், சொல்லுறன். ஓம், மகளைத்தான் கேக்கிறீர். சுகமாய் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை வரைக்கும் சுகமாய் இருந்தவள். அங்கை ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளை ஆஸ்பத்திரி நடக்குதாம், அதிலைதான் நேர்ஸ் வேலை. மருமோன் மாசியிலை ஷெல்லிலை போனது உமக்குத் தெரியும். சனம் களப்புத் தண்ணிக்குள்ளாலை ஆமிப் பக்கம் கடக்குது, நீயும் வெளிக்கிடு பிள்ளை எண்டு நான் கெஞ்சினன். காயக்காரரை விட்டிட்டு வர ஏலாதப்பா எண்டிட்டாள். பேந்து கேட்டாள், அப்பா, ஞானம் மாமா சொல்லுற அந்தச் சீனப் பிள்ளையளை, பிறகு தாய்மார் கண்டுபிடிச்சவையோ எண்டு.

ஓம் பிள்ளை, எல்லாரையும் கண்டுபிடிச்சவை எண்டு சொன்னன்.

அதுக்குப் பிறகுதான் விசயத்தைச் சொன்னாள். முதல்நாள் விடியக்காலமை, தண்ணியைக் கடந்த ஒரு புருசன் பெண்சாதியிட்டைத் தன்ரை குழந்தையைத் தூக்கிக் குடுத்திட்டாளாம். ஆரெண்டு தெரியாது. ஷெல் விழுந்து கொண்டிருந்ததாலை பேர் கேக்க நேரம் கிடைக்கேல்லையாம். இப்ப வவுனியாவிலை ஏதோ ஒரு முகாமிலை, கம்பிக்குப் பின்னாலை ஆரோ ஒராளின்ரை மடியிலை இருக்கும்.

இந்த ஃபோன் கதையை நான் வீட்டிலை சொன்னதிலை இருந்துதான் கமலநாயகி என்ரை சீனாவைக் கேக்கமாட்டன் எண்டு இருக்கிறா.

எழும்பும், போவம். உமக்குத் தலைப்பு வேணுமெண்டால் நீரே ஏதும் சொல்லி என்னைக் கூப்பிடும். நான் மைக்கிலை ஒண்டே ஒண்டுதான் கேக்கப் போறன். முகாமுகளிலை சொந்தக்காரர் உள்ள ஆக்கள், அடுத்த தரம் கதைக்கேக்கை பக்கத்துக் கூடாரங்களிலை ஒருக்கா விசாரிக்கச் சொல்லுங்கோ எண்டு. பொம்பிளைப் பிள்ளை. ஒண்டரை வயசு. பேர் இசைநிலா. கேட்டால் அதுக்குப் பேர் சொல்லத் தெரியாது, இரத்தினம். நிலா எண்டு கூப்பிட்டால் திரும்பிப் பாக்கும்.