உப்பளத்தில் அதிக முறை செத்தவன்

எங்கள் உப்பளம் பேட்டையில் என்னைவிட அதிக முறை செத்தவன் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். மின்துறையில் லைன்மேனாக இருந்த காலத்தில் பதினோராயிரம் வோல்ட் என் வலது கை வழியாக உள்ளே வந்து, குடல் வரைக்கும் சுற்றிப் பார்த்துவிட்டு, இடது கால் வழியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே போயிருக்கிறது. அன்று சாயங்காலம் எங்கள் தெருவுக்கு நான்தான் விளக்கு. இதை ஊரே நம்பும். ஜானகிராமன் மட்டும் நம்ப மாட்டார். அவர் எங்கள் எதிர் வீடு. ஆஸ்பத்திரியில் ஆண் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நோயாளி சொல்வதை முதலில் நம்பாமல் இருப்பது அவருக்குத் தொழில் பழக்கம்.

ஆனால் நான் முறையாகச் சாகக் கற்றுக்கொண்டது ஓய்வு பெற்ற பிறகுதான். கற்றுக் கொடுத்தது என் மகள் நூரீன் படம் வரைந்த ஒரு வீடியோ கேம்.

நூரீன் இங்கேயே ஒரு சின்ன கம்பெனியில் கேமுக்குப் படம் போடுகிறாள். கிரேக்கர்களின் பழங்கதையை வைத்து ஒன்று செய்தார்கள். ஒரு பெண் பாதாளத்திலிருந்து மேலே பூமிக்கு ஏறி வர வேண்டும். வழி நெடுக எலும்புக்கூடுகள், தலையில் மயிருக்குப் பதில் பாம்பு வைத்த பெண்கள், ஒற்றைக் கண் தடியர்கள். எல்லாரையும் வெட்டிக்கொண்டே ஓட வேண்டும். நின்றால் செத்தாள். செத்தால் மறுபடியும் கீழே ஆற்றங்கரையில் கண் விழிப்பாள். வந்த வழி அப்படியே இருக்காது, அறைகள் இடம் மாறியிருக்கும். ஆனால் ஒவ்வொரு சாவுக்கும் கையில் ஒரு மாதுளை விதை மிஞ்சும். அதைத் தின்றால் ஏதாவது ஒரு வித்தை கூடும். ஆக, சாவு அங்கே தோல்வி இல்லை, படிப்பு.

"அத்தா, வெரலு மெதுவா போறவங்க ஆடுனா எப்டி இருக்குன்னு ஆபீஸ்ல கேக்குறாங்க. நீங்க ஆடிப் பாருங்களேன்" என்று என் கையில் கொடுத்தாள். ஆடினேன். ரேஷன் கடை மெஷினுக்கு என் கட்டைவிரல் யாருடையது என்று தெரியாமல் போகும் அளவுக்கு ஆடினேன். அந்த ஆட்டம் ஆளை உட்கார விடாது. சோற்றில் கை வைத்திருக்கும்போதுகூட மறு கை துடிக்கும்.

கடைசி வாசலில் ஒரு மூன்று தலை நாய். நூரீனே வரைந்தது. உள்ளே வருகிறவர்களைப் பார்த்து வாலாட்டும். வெளியே போகிறவர்களை மட்டும் விடாது. எல்லாரும் அந்தப் பெண்ணின் பக்கம் நின்று ஆடுவார்கள். நான் கொஞ்ச நாளில் நாயின் பக்கம் யோசிக்கத் தொடங்கினேன். அது யாரையும் தேடிப்போய்க் கடிப்பதில்லை. தன் வீட்டு வாசலில் படுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் லியோன் என்ற ஊரில் இருக்கும் ஒரு பிரெஞ்சு கேம் கம்பெனி அவளை அங்கே வந்து வேலை செய்யச் சொன்னது. சின்ன வயதிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். அடுப்படியில் நின்றுகொண்டே சொன்னாள், "ரெண்டு வருஷம்தான் அத்தா. கண்ண மூடித் தொறந்தா போயிடும்."

கண்ணை மூடிய பிறகு திறக்காமலும் போகலாம் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். என் மனைவி சுரையா ஒரு நாள் மத்தியானம் நெஞ்சு எரிகிறது என்றாள். நூரீன் வாயுதான் என்று ஓமவாட்டர் கொடுத்துவிட்டு, பாதி வரைந்த படத்தை முடிக்கப் போனாள். முடித்துவிட்டு வந்து பார்த்தபோது சுரையா இல்லை. அன்றிலிருந்து யாராவது நெஞ்சில் கை வைத்தால் நூரீனுக்கு முகம் வெளுத்துவிடும். அந்தப் பயத்தை நான் உண்டாக்கவில்லை. வீட்டில் ஏற்கனவே இருந்தது. இருந்ததை எடுத்துப் பயன்படுத்தினேன்.

விசாவுக்காக அவள் சென்னை கிளம்பிய காலையில் முதல் சாவு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தேன். நூரீன் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடி வந்தாள். சத்தம் கேட்டு வந்த ஜானகிராமன் குனிந்து பார்த்தார்.

"பாய், நீ புடிச்சிருக்கறது ஈரலு. நெஞ்சு இந்தாண்ட."

நூரீன் அன்று போகவில்லை. எனக்கும் ஒரு விதை கிடைத்தது. அடுத்த முறை இடது பக்கம்.

"என்னா பாய், வேர்வையே காணோம்? ஃபேன் போட்டுக்கினா சாவுற?"

அதற்கடுத்த முறை, மொட்டை மாடிப் படியில் உச்சி வெயிலில் ஏறி இறங்கி, நனைந்த சட்டையோடு வந்து விழுந்தேன். வலி தாடைக்கு வர வேண்டும் என்றார். வரவழைத்தேன். பேச்சு குழற வேண்டும் என்றார். நான் குழறிய அழகில் மசூதித் தெருவிலிருந்து ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். ஜானகிராமன் என்னைக் கிண்டல் செய்வதாக நினைத்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் நூரீன் பையைத் திரும்ப உள்ளே வைப்பாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து விரல்களை நீவி விடுவாள். அந்த நேரங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அப்படி ஒரு முறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, டாக்டர் நிஜமாகவே ஒரு சின்ன அடைப்பைக் கண்டுபிடித்தார். மாத்திரை தவறாமல் சாப்பிட்டால் பயமில்லை என்றார். எனக்கு மெடல் குத்தியது போல இருந்தது. இத்தனை நாள் நான் சொன்னது பொய் இல்லை, கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

இதற்கிடையில் எப்படியோ விசாவும் வந்து சேர்ந்தது. லியோன்காரர்கள் கடைசியாக ஒரு தேதி கொடுத்தார்கள். இந்த முறையும் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். நூரீன் ஜானகிராமனிடம் அழுததை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"போனா ஏதாச்சும் ஆயிடும் மாமா. அம்மாவ மாரி ஆயிடும்."

"ஒண்ணும் ஆவாது. மாத்திரைய நான் கையால எடுத்துக் குடுக்கறேன். நீ கெளம்பற அன்னிக்கும் உங்கத்தா உழுவாரு, எழுதி வச்சிக்க. நீ தாண்டிப் போயி கார்ல ஒக்காரு. நெசமா இருந்தா நான் வந்து சொல்றேன். நான் சொல்லாம எறங்காத."

"சத்தியமா சொல்வீங்களா?"

"முப்பது வருஷம் நாடி பாத்தவன்மா நான்."

நியாயமான ஏற்பாடு. அதைக் கேட்டதும் எனக்கு ஒரு தெளிவு வந்தது. இதுவரை மகளை ஏமாற்றியது போதும். இனி பொய் கூடாது.

மாத்திரையை நிறுத்தினேன்.

தினமும் காலையும் சாயங்காலமும் ஜானகிராமன் வந்து, என் உள்ளங்கையில் வைத்து, நான் விழுங்குவதைப் பார்த்துவிட்டுப் போவார். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொள்வேன். அவர் படியிறங்கியதும் வாஷ்பேசினில் துப்பித் தண்ணீர் விடுவேன். நடக்கப் போவதாகச் சொல்லி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம் வரைக்கும் போய், இருப்பதிலேயே உப்புக் கரிக்கும் கருவாடாகப் பார்த்து வாங்கி, நூரீன் ஆபீஸ் போன பிறகு பொரித்துத் தின்றேன். அதிலிருந்த உப்புக்கு ஒரு அளமே வைக்கலாம். சாகும் எண்ணம் எனக்கு இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வலி ஒரு அளவோடு வந்தால் போதும் என்றுதான் இருந்தேன்.

வரவில்லை. அதுதான் எனக்கு நிலைகொள்ளாமல் போயிற்று. எழுந்தால் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பேன், ஒழுங்காக அடிக்கும். உட்காருவேன், எழுந்திருப்பேன், கூடத்துக்கும் வாசலுக்கும் நடப்பேன். நூரீன் பெட்டி கட்டுகிறாள், குளிருக்கு உடுப்பு வாங்குகிறாள், போனில் போன்ழூர் என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிப் பழகுகிறாள். எனக்குள்ளே ஒன்றும் நடக்கவில்லை. என்னைவிட என் இதயம் பிடிவாதக்காரனாக இருந்தது.

கிளம்பும் நாள் மத்தியானம் கார் வந்து வாசலில் நின்றது. ஜானகிராமன் எனக்கு இரண்டடி தள்ளி, இரண்டு கையும் பின்னால் கட்டிக்கொண்டு, விழப்போகிற மரத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நூரீனின் பெரிய பெட்டி மாடியில் இருந்தது. டிரைவர் ஏறப் போனான். நான் முந்திக்கொண்டேன்.

"வேணாம் அத்தா, வெயிட்டு" என்றாள் நூரீன்.

"கம்பத்தத் தோள்ல தூக்கினு போனவன்டி நானு" என்றேன்.

பெட்டியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு ஓட்டமாக இறங்கினேன். கீழ்ப் படிக்கு வந்தபோது நெஞ்சுக்குள் யாரோ ஒரு கம்பியை முறுக்கினார்கள். நான் நடித்த வலி இது இல்லை. நான் நடித்தது எவ்வளவு மட்டம் என்று அப்போதுதான் புரிந்தது. வாசலுக்குக் குறுக்கே விழுந்தேன்.

"எழுந்திரு பாய், போதும்" என்றார் ஜானகிராமன்.

வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. நூரீன் என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு சுடிதாரைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, என்னைத் தாண்டினாள். கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. யாருக்கும் தீங்கு நினைக்காத அப்பன் நான். அவளுக்காகத்தானே மெனக்கெட்டு இதை நிஜமாக்கியிருந்தேன்.

ஜானகிராமன் சலிப்போடு உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த விரல் அசையவில்லை. இன்னொரு கையால் என் நெற்றியைத் தொட்டார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு மரியாதையை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. டிரைவர் வண்டியைக் கிளப்பினான். ஜானகிராமன் எழுந்து, செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடி, கார்க் கண்ணாடியை உள்ளங்கையால் தட்டினார்.

"எறங்கும்மா நூரீனு" என்றார். "நெசந்தான்."