தொப்பிக்குள் இருந்த பழனி

சுங்கை பினாங் பக்கம் உள்ள கிளினிக்கில் சர்க்கரை மருந்துக்காக உட்கார்ந்திருந்தேன். முன் வரிசையில் காய்ச்சலோடு இருந்த ஒருவர் தம் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்.

“தொப்பியக் கழட்டவே மாட்டேன். தலையப் பாத்தா இந்தியா போனது மிஸிக்குத் தெரிஞ்சிடும்லா.”

“தெரிஞ்சா என்னங்க?”

“ஆஸ்பத்திரியில படுக்க வச்சிட்டா? ஞாயித்துக்கிழமை மக கல்யாணத்துல தாரை வார்க்கிறது யாரு, உங்கண்ணனா?”

“எங்கண்ணன் உங்கள விட நல்லாவே வார்ப்பாரு.”

அவர் ‘மிஸி’ என்று சொன்ன தமிழ்த் தாதி வந்து, காய்ச்சல் பார்க்க நெற்றியைக் காட்டச் சொன்னார். தொப்பி கழன்றது. மொட்டைத் தலை பளபளத்தது.

“மொட்டை எங்க போட்டீங்க அண்ணே, நம்ம ஊரு தண்ணீர்மலை முருகன் கோயில்லயா?”

அவர் தொப்பியை மறுபடி தலையில் வைக்கப் போனார். மனைவி விடவில்லை.

“சொல்லுங்க. பழனி முருகனுக்குக் குடுத்த முடிய இல்லன்னு சொல்லப் போறீங்களா?”

“பழனிதான் மிஸி. போன வாரம்தான் வந்தோம். அங்க ஒரே கொசுக்கடி.”

“இத முதல்லயே சொன்னாத்தானே என்ன டெஸ்ட் எடுக்கணும்னு எங்களுக்குத் தெரியும்?” என்று சொல்லி, தாதி ரத்தம் எடுக்க அழைத்துப் போனார்.

என் மருந்து கைக்கு வந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் தாதி சிரித்துக்கொண்டே வந்தார்.

“மலேரியா இல்ல, டெங்கியும் இல்ல. வீட்டுக்குப் போகலாம். காய்ச்சல் கூடுனா உடனே வந்திடணும். கல்யாணத்துல மாஸ்க் போட்டுக்குங்க.”

கணவர் தொப்பியை மனைவியிடம் நீட்டினார்.

“இத உங்கண்ணனுக்குக் குடு. மண்டபத்துக்கு வெளிய வெயில்ல நின்னு, காடி ஓட்டிட்டு வர்றவங்களுக்கு நிறுத்துற இடத்தக் காட்டட்டும்.”