உறையில் பெயர் இல்லாத குரலுக்குக் கடிதம் எழுதியவர்

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பல் மருத்துவர் அவர்களே, எக்ஸ்ரே அக்காவோடு முப்பத்தொரு ஆண்டுகள் தோளோடு தோள் நின்று பணியாற்றிய மருத்துவமனைத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரும், நம் எல்லோருக்கும் மாமாவாகிவிட்டவருமான பேருந்து ஓட்டுநர் அவர்களே, அக்காவின் அருமை மகளே, நாற்காலி கிடைக்காமல் படிக்கட்டு வரை நிற்கும் கேட்போர் வட்டத்து நண்பர்களே, அனைவரையும் வணங்குகிறேன்.

நான் கண்ணாடிக் கடைக்காரன். மூக்கின் மேல் எதை வைப்பது என்று தெரியுமே தவிர, மைக்கின் முன்னால் எதை வைப்பது என்று எனக்குத் தெரியாது. சற்று முன் வாசலில் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “அழுமூஞ்சிப் பேச்சு பேசிடாதீங்க. அவளுக்கு அது ஆகவே ஆகாது. சிரிக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்க.” மாமாவின் ஆணையை மீற முடியுமா? முயல்கிறேன்.

தலைமை எக்ஸ்ரே நிபுணர்! நமது கேட்போர் வட்டத்தின் நிறுவனர்! இத்தாலியத் திரைப்பட இசைத்தட்டுகளை, அதிலும் கிடைப்பதற்கரிய தட்டுகளை, ஆயிரத்து நூறுக்கும் மேல் தேடித் தேடிச் சேர்த்தவர்! இத்தனை பட்டங்களும் அவருக்கு உண்டு. ஆனால் அந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரு மழைநாளில், நோயாளி ஒருவரின் எக்ஸ்ரே படத்தை நனையாமல் அடுத்த கட்டிடத்துக்கு எடுத்துப்போக அவருக்கு ஒரு பெரிய அட்டை உறை தேவைப்பட்டது. மருத்துவமனை வாசலில் பழைய பொருள் விற்பவரிடம் ஓர் இசைத்தட்டு உறையை வாங்கினார். உறைக்காகத்தான் வாங்கினார்! தட்டு உள்ளே இருந்தது அவருக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டு ரெக்கார்டு பிளேயரில் போட்டுப் பார்த்தார். ஏதோ ஓர் இத்தாலியப் படத்தின் இசை. அன்றைக்கு அந்த இசைக்குள் போன மனுஷி, திரும்பி வரவே இல்லை. “வீட்டுல அவளுக்கு ஏ பக்கம், எனக்கு பி பக்கம். அதுலயும் பாதிக்கு அலமாரி வந்துடுச்சு” என்பார் மாமா.

அக்கா தட்டு வாங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? எலும்பு முறிவைத் தேடுவது போலத் தட்டை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்ப்பார். “மேலோட்டமான கீறல்தான். பொழைச்சுக்கும்” என்று தீர்ப்பளிப்பார். அந்தப் படங்களில் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. உறையில் உள்ள படத்தையும் உள்ளே உள்ள இசையையும் வைத்துக் கதையைத் தானே கட்டிக்கொள்வார்.

அவரிடம் ஒரு சின்னத் தட்டு இருந்தது. உறையில் ஒரு கலங்கரை விளக்கம். பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு. சொற்களே இல்லாமல் ஒரு பெண் குரல் மட்டும் ஏறி ஏறிப் போகும். இரண்டரை நிமிடத்தில், குரல் எங்கோ திரும்பப்போகிற நேரத்தில், சத்தம் தேய்ந்து மறைந்துவிடும். முழுப் பாட்டும் இருக்கும் பெரிய தட்டு ஐந்நூறு பிரதிதான் அச்சானதாம். அதைத்தான் அக்கா இருபது வருடம் தேடினார். அந்தப் படம், விளக்கத்துக் காவலரின் மகள் கடலுக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கும் கதை என்று அடித்துச் சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கும். பார்க்காத படத்துக்கு!

நண்பர்களே, அக்கா தேடிக்கொண்டிருந்தபோதே அந்தப் பெரிய தட்டு என்னிடம் இருந்தது.

ஆம். இங்கே ஒரு சலசலப்பு எழுகிறது. எழட்டும். இதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. மாமாவுக்கு மட்டும் தெரியும்.

நடந்தது இதுதான். மணிக்கட்டு முறிந்து வந்த ஓர் அம்மாள், எக்ஸ்ரே எடுக்கும்போது அக்காவிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்: கப்பலில் ரேடியோ ஆபரேட்டராக இருந்த தன் சித்தப்பா காலமாகிவிட்டார், வீடு நிறைய வெளிநாட்டுத் தட்டுகள், சனிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும் என்று. அக்காவுக்கு அந்த வாரம் முழுக்கப் பணி. யாரை நம்பி அனுப்பினார்? என்னை!

போனேன். இரண்டாவது பெட்டியில், இரண்டு நடனத் தட்டுகளுக்கு நடுவே கலங்கரை விளக்கம் நின்றது. அக்காவுக்குக் கொடுக்க வேண்டும் என்றுதான் எடுத்தேன், சத்தியமாக. ஆனால் வீட்டுக்குப் போய் ஒரு தடவை கேட்டுவிட்டுக் கொடுக்கலாமே என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் சறுக்கினேன். மறுநாள் அக்காவிடம் போய், “எல்லாம் உடற்பயிற்சித் தட்டும், மொழி கத்துக்கிற தட்டும்தான் அக்கா” என்றேன்.

என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? “போனாப் போகுது. பாவம், வெயில்ல அலைஞ்சிருக்கீங்க. முதல்ல தண்ணி குடிங்க.”

நான்கு வருடம்! நான்கு வருடம் அந்தத் தட்டைத் துணி அலமாரியில், கோட்டுக்குப் பின்னால் வைத்திருந்தேன். யாருக்கும் கேட்காமல் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன். என் மனைவி, எனக்குக் காது நோய் என்றே நினைத்தாள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். திருடனுக்கு நல்ல பாட்டு கிடைத்தாலும் பாட முடியாது, அதுவும் ஒரு தண்டனைதான்.

ஆனால் வாய் சும்மா இருக்குமா? ஒருநாள் அக்கா கண் பரிசோதனைக்குக் கடைக்கு வந்தார். சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டிவிட்டு, ஒவ்வொரு வில்லையாகப் போட்டுக்கொண்டிருந்தேன். வேலை மும்முரத்தில் என்னை அறியாமல் விசில் அடித்திருக்கிறேன்.

“அடுத்த வரியைப் படிங்க அக்கா.”

சட்டத்துக்குள்ளிருந்து இரண்டு கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

“கண்ணாடிக்காரரே, இப்ப அடிச்சீங்களே விசில், அது சின்னத் தட்டுல இருக்கிற பாட்டுதானே?”

“ஆமாக்கா. உங்க வீட்டுலதான் கேட்டேன்.”

“சின்னத் தட்டுல அந்த இடத்தோட சத்தம் தேய்ஞ்சு போயிடும். நீங்க அதைத் தாண்டிப் போயிட்டீங்களே!”

என் கையிலிருந்த வில்லை கீழே விழுந்து உருண்டது. நான் குனிந்து தேடினேன், நிமிர மனம் வரவில்லை. மேசைக்கு அடியிலிருந்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா முழுதாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “திட்டறதை அப்புறம் திட்டிக்கிறேன். முதல்ல கடையைச் சாத்துங்க.”

அரை மணி நேரத்தில் என் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு கேட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. குரல் அந்தத் திருப்பத்தைத் தாண்டி இன்னும் உயரே போனபோது, “அட! அங்க போறாளா!” என்று கைதட்டிவிட்டார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார். தட்டை அவர் கையில் கொடுத்தேன். வாங்கவில்லை.

“உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா இனிமே அந்த ஹெட்போனைத் தொடக் கூடாது. மாசாமாசம் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்க கூடத்துக் கதவு திறந்திருக்கணும். யார் வந்தாலும் கேக்கலாம். டீ உங்க செலவு. இதான் தண்டனை.”

நம் கேட்போர் வட்டம் எப்படித் தோன்றியது என்று ஆண்டு மலரில் அழகாக எழுதியிருக்கிறோம் அல்லவா? “இரு இசை ஆர்வலர்களின் கனவு” என்று! கனவாவது ஒன்றாவது! ஒரு பொய்யனுக்கு அக்கா விதித்த தண்டனை, ஐயா! பன்னிரண்டு வருடம் அனுபவித்தேன். இத்தனை இனிமையான தண்டனையை எந்த நீதிபதி கொடுத்திருக்கிறார்?

அந்த ஞாயிறுகளில்தான் அக்காவுக்கு இன்னொரு கேள்வி முளைத்தது. உறையில் இசையமைப்பாளர் பெயர் இருக்கிறது, இயக்குநர் பெயர் இருக்கிறது, அச்சடித்தவர் பெயர்கூட இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் எங்கே? “பாட்டே அவதான். அவ பேரைக் காணோமே” என்று பொருமினார். ஓர் அகராதியை வாங்கி வைத்துக்கொண்டு இத்தாலிய மொழியில் கடிதம் எழுத ஆரம்பித்தார். இசைக்கலைஞர் சங்கங்களுக்கு, ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு, தேவாலயப் பாடகர் குழுக்களுக்கு. மூன்று வருடத்தில் அறுபத்தொரு கடிதம். எக்ஸ்ரே அறையில் சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே படம் எடுக்கிறார்கள் என்று பொருள். மதிய இடைவேளையில் எரிந்தால் அக்கா வினைச்சொல் தேடுகிறார் என்று பொருள்.

அறுபத்திரண்டாவது கடிதம் உரியவரிடமே போய்ச் சேர்ந்தது. ஒலிப்பதிவாளர் ஒருவரின் மனைவி முகவரி கொடுத்திருந்தார். பதில் வந்தது. முதல் வரியே இதுதான்: “என் தொண்டை நலமாக இருக்கிறது. நீங்கள் மருத்துவமனையிலிருந்தா எழுதுகிறீர்கள்?” அகராதி காலை வாரிவிட்டது! “உங்கள் குரலை இருபது வருடத்துக்கும் மேலாக ரசிக்கிறேன்” என்று எழுத நினைத்த அக்கா, “உங்கள் தொண்டையை” என்று எழுதிவிட்டார்!

பாடகியம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. ஒரே ஒரு பிற்பகல் பாடினாராம். அதன்பின் வாழ்நாளெல்லாம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தாராம். படத்தின் கதையையும் எழுதியிருந்தார். காத்திருக்கும் மனைவியுமில்லை, கடலுக்குப் போன கணவனுமில்லை. இரண்டு மடையர்கள் மத்தி மீன் டப்பாக்களைத் திருடும் நகைச்சுவைப் படம்! கலங்கரை விளக்கம் ஒரு நிமிடம் வருகிறதாம். நாங்கள் எல்லோரும் அக்காவின் முகத்தைப் பார்த்தோம். அவர் கொஞ்சமும் அசரவில்லை. “இசை சரியாத்தான் இருக்கு. படத்தைத்தான் தப்பா எடுத்துட்டாங்க.”

ஆனால் கடைசி வரியைப் படித்தபோது யாரும் சிரிக்கவில்லை. “அந்தத் தட்டை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. நான் பாடியதை இதுவரை கேட்டதில்லை.”

அக்கா என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. “பிரதி எடுத்து அனுப்பலாமே அக்கா” என்றேன். “பிரதியை நீங்க வெச்சுக்குங்க. பாடினவளுக்குத் தட்டு” என்றார். மூன்று நாள் அவர் என் கடைப்பக்கம் வரவில்லை, வற்புறுத்தவும் இல்லை. நான்காம் நாள் நானே பொட்டலம் கட்டிக்கொண்டு போய் எக்ஸ்ரே அறைக் கதவைத் தட்டினேன். கட்டுமஸ்தான பொட்டலம்! அக்கா அதைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இப்பதான் உங்க கணக்கு நேரா இருக்கு, கண்ணாடிக்காரரே.”

ஏழு வாரம் கழித்துப் பதில். அதைச் சத்தம்போட்டு மூன்று தடவை படித்தோம். பாடகியம்மா எழுதியிருந்தார்: “நாற்பது வருடமாக, நான் சினிமாவில் பாடியதாகச் சொல்வதை என் மகன் நம்பவில்லை. அம்மா கதை விடுகிறாள் என்பான். நேற்று தட்டை இரண்டு தடவை கேட்டான். மன்னிப்புக் கேட்டான். இரவுச் சமையலும் அவனே செய்தான்.” அக்கா சிரித்த சிரிப்பில், வெளியே வரிசையில் இருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள்.

மூன்று வாரத்துக்கு முன், ஒரு மத்தியான நேரத்தில், நாற்காலியில் சாய்ந்தபடியே அக்கா போய்விட்டார். அறுபத்தேழு போகிற வயதா? இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன். இவ்வளவு குறைவான கோபத்தோடு இவ்வளவு பேரைத் திருத்தியவரை நான் பார்த்ததில்லை.

நேற்று மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அக்காவின் கையெழுத்து. உறையில் பெயர் இல்லாதவர்களின் பட்டியல். “மூன்றாம் அலமாரி, நான்காம் தட்டு: மழை தொடங்கும் இடத்தில் மணி அடித்தவர் யார்?” “ஆறாம் அலமாரி, கடைசித் தட்டு: தேங்காய் ஓட்டால் தட்டிக் குதிரைக் குளம்படிச் சத்தம் கொடுத்தவர் யார்? குதிரையைவிட நன்றாக ஓடுகிறார்.” இப்படி முப்பத்துநான்கு பேர்!

தட்டுகள் அனைத்தையும் இந்த மண்டபத்து மாடியில், யார் வேண்டுமானாலும் கேட்கும்படி வைக்க மாமா இசைந்துவிட்டார். முதல் ஞாயிறு தொடரும், டீயும் என் செலவிலேயே தொடரும். ஆனால் அது மட்டும் போதுமா? அந்த முப்பத்துநான்கு பேரையும் தேடிக் கண்டுபிடிப்போம் என்று இந்த அவையில் உறுதி ஏற்போம்! ஒருவர் விடாமல் எழுதுவோம்! வாசலருகே மேசையில் முப்பத்துமூன்று சீட்டுகளும், தாளும், பேனாவும் இருக்கின்றன. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். குளம்படிக்காரரை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன், போட்டிக்கு வராதீர்கள்.

அவர்களெல்லாம் எண்பதைத் தாண்டியவர்கள். தபால் போய்ச் சேரவே மூன்று வாரம் ஆகும். இந்த நிலைமையில் நான் இன்னும் பேசிக்கொண்டே நிற்பது நியாயமில்லை. எழுந்திருங்கள், எழுதுவோம்.