செய்திக்கு நடுவே மாத்திரை

— மைக்கை வாய்க்குள்ள விட்டுக்கிட்டு என்ன பண்றே?

— அலாரத்துல என் குரலைப் போடுறேன். தினம் காலையில நீங்க செய்தி வாசிக்கிற அறைக்கு நானே வந்து சொல்றேன். நாளைக்கு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு எப்படி வர்றது? இதைக் கேளுங்க: ‘ஏங்க, மாத்திரை!’ எப்படி?

— வீட்ல இருக்கிற மாதிரியே இருக்கு. அதட்டல் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

— அதட்டினாத்தான் உங்களுக்கு உறைக்கும்.

— இதே கம்ப்யூட்டர்லதானே ஒலிபரப்பும் ஓடுது? இது ரேடியோவுல போயிடாதா?

— போகும். கம்ப்யூட்டர் சத்தத்தை வெளியே அனுப்ப இப்ப இருக்கிற டைரக்ட் சவுண்ட் டிரைவர் சத்திரம் மாதிரி, யார் வந்தாலும் உள்ளே விடும். ஏஸியோன்னு இன்னொண்ணு இருக்கு. அது மாமியார் மாதிரி, சாவியை இடுப்புல சொருகிக்கும். ஒலிபரப்பு மென்பொருளைத் தவிர ஒரு ஈ காக்கா நுழையாது.

— அப்ப ஏஸியோ போட வேண்டியதுதானே?

— போட்டா என் குரல் உங்க காதுக்கும் வராது. ரெண்டு நாள்தானே, யார் கவனிக்கப் போறாங்க?

— நிலையத்து இன்ஜினியர் பேசுற பேச்சா இது?

— பொண்டாட்டி பேசுற பேச்சு. மாத்திரையைப் போடுவீங்கல்ல?

— ம்.

— என்ன ‘ம்’?

— போடுவேன்ம்மா. கிளம்பு, நேரமாச்சு.

*

— அத்தான், அக்கா நம்மளை விட்டுப் போய் நாலு மாசமாச்சு. இன்னும் செய்தி நடுவுல அக்கா குரல் வருது. ‘உங்க அக்கா நாற்காலியில உன்னை எதுக்கு உட்கார வச்சேன்’னு மேனேஜர் கேட்கிறார்.

— எதுக்காம்?

— இதை நிறுத்தத்தான். நேத்து என்ன வாசிச்சீங்க? ‘அமைச்சர் புதிய பாலத்தைத் திறந்து வைத்தார்.’ உடனே ‘ஏங்க, மாத்திரை!’ அமைச்சருக்கு என்ன வியாதின்னு ஊரே விசாரிக்குதாம்.

— வியாதி ஒண்ணுமில்லைன்னு மத்தியானச் செய்தியில சொல்லிட்டேனே.

— அதுக்கப்புறம்தான் இன்னும் ஜாஸ்தியா விசாரிக்கிறாங்க.

— ஒரு தையல்காரர்கூட போன் பண்ணார். அவ சொல்றதைக் கேட்டுத்தான் சர்க்கரை மாத்திரை போடுறாராம். அந்தம்மா நல்லா இருக்கணும்னார்.

— என்ன சொன்னீங்க?

— சொல்லிடுறேன்னேன்.

— அத்தான், அலாரத்தை அழிச்சுடலாம்னுதான் உட்கார்ந்தேன். கை வரலை. அதான் டிரைவரை ஏஸியோவுக்கு மாத்துறேன். நிகழ்ச்சிப் பட்டியல்ல இருக்கிறது மட்டும் வெளியே போகும். அலாரம் பாட்டுக்கு உள்ளே இருக்கும்.

— எனக்கும் கேட்காது.

— உங்க போன்ல ஏத்தித் தர்றேன். எப்ப வேணும்னாலும் போட்டுக் கேளுங்க.

— எப்ப வேணும்னாலும் போட்டுக் கேட்க அவ என்ன பாட்டா? நான் வேற வேலையா இருக்கும்போது அவளா வரணும்.

— நான் என்ன பண்றது அத்தான்? எனக்கு மட்டும் கஷ்டமா இல்லையா?

— மச்சான், பட்டியல்ல இருக்கிறது மட்டும் போகும்னியே.

— ஆமா.

— அவளையும் பட்டியல்ல சேர்த்துடு.

— அத்தான்!

— செய்தி முடிஞ்சு, வானிலைக்கு முன்னாடி. அமைச்சரும் பிழைச்சுப் போகட்டும்.

— மேனேஜர் கேட்டா?

— நடுவுல வரக் கூடாதுன்னார். வரவே கூடாதுன்னு சொல்லலையே.

— நல்லா மாட்டிவிடுறீங்க. சரி... என்ன வகைன்னு கேட்குது. பாட்டு, விளம்பரம், அறிவிப்பு...

— பொதுநல அறிவிப்பு.

— முடியுற தேதி?

— காலியா விடு.

— விட்டா நிக்காம ஓடும். டாக்டர் உங்களுக்கு எதுவரைக்கும் மாத்திரை எழுதியிருக்கார்? அந்தத் தேதியைப் போட்டுடலாம்.

— அந்த மாத்திரையை அவர் நிறுத்திட்டார்.

— எப்போ?

— உங்க அக்கா இதைப் பதிவு பண்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடி.

— அப்ப அக்கா வந்து சொல்லும்போதெல்லாம் என்னத்தைப் போட்டீங்க?

— புதினா மிட்டாய்.

— ஒரு வருஷமா? அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

— சொன்னா, வர்றதை நிறுத்திடுவா. தேதியைக் காலியா விடு.