பதினைந்தாவது அறிவித்தல்

மரண அறிவித்தல் பக்கம் கட்டுவது சுலபமான வேலை, ஐயா. வரிசைக்கு மூன்றாக ஐந்து வரிசை, பதினைந்து கட்டங்கள். ஒன்று குறைந்தால் ரியூசன் வகுப்பு விளம்பரத்தால் நிரப்பிவிடலாம். அன்று பின்னேரம் நான்கு மணிக்கு என்னிடம் பதினான்கு அறிவித்தல்கள் இருந்தன. ஆறு மணிக்குப் பக்கம் மூடப்படும். விளம்பரம் உதவாது, எனக்குப் பதினைந்தாவது அறிவித்தலே வேண்டும்.

காரணத்தைச் சொல்கிறேன். அச்சுவேலிச் சந்தையில் தியாகலிங்கம் ஒரு பந்தயம் நடத்துகிறார். நாளைய பத்திரிகையில் மரண அறிவித்தல்கள் ஒற்றையா, இரட்டையா? மத்தியானத்துக்குள் கட்டவேண்டும். மறுநாள் பத்திரிகையை விரித்து எண்ணுவார்கள். நான் மைத்துனரின் பெயரில் கட்டுவேன். பதினொரு நாளாக இரட்டையே வந்திருந்தது. பன்னிரண்டாம் நாளும் இரட்டை வர நியாயமில்லை. மானிப்பாய் வீட்டின் உறுதிப் பத்திரத்தை ஒற்றைக்கு வைத்தேன். மனைவி ஐரிஸுக்குத் தெரியாது.

எங்கள் பத்திரிகையில் அச்சுப்பிழை பார்க்கும் ஒப்புநோக்குநர் கொலின்ஸுக்கு மட்டும் தெரியும். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

“ஏதாவது ஒரு பேரை எழுதிவிடுங்கோ அண்ணை. செத்தவர் வந்து கேக்கப்போறாரே?”

“இருபத்திரண்டு வருசமா நான் ஒரு பொய்யும் போடேல்லை, கொலின்ஸ்.”

“அப்ப ஆராவது சாகவேணும்.”

அவன் சொன்னது சரி. ஆனால் வெளியில் ஒருவர் செத்தால் உறவினர் கூடி, கனடாவில் இருப்பவர்களின் பெயர்களைக் கேட்டு, படம் தேடி, அறிவித்தல் வந்துசேர நேரமாகும். எங்கள் பத்திரிகை ஆள் என்றால் அறிவித்தலை நாங்களே எழுதுவோம். படமும் அலுவலகத்தில் இருக்கும்.

கடதாசி ஈரமாகியிருக்கிறதா என்று பார்க்க அவனைக் கிடங்குக்குக் கூட்டிப்போனேன். அச்சுக் கடதாசி உருளை ஒன்று நானூறு கிலோ. கீழே செருகிய மர ஆப்பை எடுத்தால் தானே உருளும். அது அவனுடைய இரண்டு கால்களையும் நசுக்கியது. உயிர் போகவில்லை.

“அண்ணை, தூக்குங்கோ,” என்றான்.

உருளையை நெம்பும் இரும்புக் கம்பியால் தலையில் மூன்று தரம் அடித்தேன். முதலாவது அடி தாடையில் பட்டது, அதற்காக வருந்துகிறேன். பிறகு காயம் தெரியாதபடி உருளையைத் தலைவரை நெம்பி ஏற்றிவிட்டு, ஆட்களைக் கூப்பிட்டேன்.

ஐந்து நாற்பதுக்கு வைத்தியசாலை மரணத்தை உறுதிப்படுத்தியது. அதற்கு முன் ஒரு சொல்லும் எழுதவில்லை. ஆசிரியர் ‘விபத்தில்’ என்று போடச் சொன்னார். அதை எடுத்துவிட்டு, ‘காலமானார்’ என்று மட்டும் போட்டேன்.

பொய் எழுதாமல் பதினான்கைப் பதினைந்தாக்க ஒரு வழிதான் இருந்தது: கொலின்ஸைக் கொன்றேன். பக்கத்தை எடுத்துப் பாருங்கள், ஐயா. பதினைந்தும் உண்மை.