படியை உள்ளே வாங்கியவர்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, மகாராணி அம்மாவின் மகள் கார்த்திகா அவர்களே, கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் வியாபாரிகளே, எங்கள் தெருச் சொந்தங்களே, வணக்கம்.

நம் தெரு நலச் சங்கத் தலைவி மகாராணி அம்மையார் இல்லாமல் நடக்கும் முதல் கூட்டம் இது. அவர் நாற்காலியில் படத்தை வைத்திருக்கிறோம். செயலாளரான எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே மனம் வரவில்லை.

போடி கடைவீதிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது நம் பழைய தெரு. ஏலக்காய்க் கடை பக்கம், பஸ் ஸ்டாண்டு பக்கம், ஆஸ்பத்திரி பக்கம். எல்லாம் பக்கம்தான், ஆனால் ஓர் ஆம்புலன்ஸ் உள்ளே வந்ததா? மழைத் தண்ணீருக்குப் பயந்து வீடுகளை உயர்த்திக் கட்டிய முன்னோர், படிகளைத் தெருவில் இறக்கிவிட்டார்கள்; வண்டி நுழைய வழியில்லாமல் தெரு குறுகிவிட்டது. அம்மாவின் கணவர் தங்கபாண்டி ஐயாவை நெஞ்சுவலியோடு நாற்காலியில் வைத்துத்தான் கடைவீதிக்குத் தூக்கி ஓடினோம். வழியிலேயே உயிர் போனது.

அதற்குப் பிறகு, வயதானவர்களைப் பிள்ளைகள் ஊருக்கு வெளியே புதுவீடுகளுக்குக் கூட்டிப்போகத் தொடங்கினார்கள். கார்த்திகாவும் கூப்பிட்டார். அம்மா போனாரா? "நானும் போயிட்டா இந்தத் தெருவுல யாரு இருப்பா?" என்றார். கொத்தனாரை வரவழைத்துத் தம் வீட்டுப் படியை இடித்தார். முன்னறையில் பாதியை விட்டுக்கொடுத்து, படியை வீட்டுக்குள் வாங்கிக் கட்டினார். பிறகு வீடு வீடாக ஏறினார். திட்டியவர் உண்டு, கதவைச் சாத்தியவர் உண்டு. சாத்திய கதவுக்கு வெளியே, அந்தப் படியிலேயே உட்கார்ந்து பேசினார். ஒவ்வொரு வீட்டுப் படியாக உள்ளே போனது.

மிஞ்சியது தெருமுனையில் திருப்பதி அண்ணன் வீடு மட்டும். படியை உள்ளே வாங்கினால் அவருடைய தையல் மிஷினுக்கு இடமில்லை. அதுதான் அவர் பிழைப்பு. அம்மா அவரை நெருக்கவில்லை. "அவன் சோலிக்கு ஒரு எடம் பாத்துக் குடுத்துட்டுக் கேப்போம்" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை அம்மாவுக்காக வந்த ஆம்புலன்ஸ் அந்தப் படிக்கு முன்னால்தான் நின்றது. மறுபடியும் நாற்காலி, மறுபடியும் ஓட்டம். தூக்கிப் போகும்போது அம்மா சொன்ன கடைசி வார்த்தை, "திருப்பதிய யாரும் வையாதீகப்பா." அந்த மனம் யாருக்கு வரும்? ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவின் மூச்சு அடங்கிவிட்டது.

இதோ, திருப்பதி அண்ணன் எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் அண்ணே.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். "நாளைக்கு விடியவும் இடிச்சுப்புடுறேன், மிஷினு எங்கிட்டாவது கெடக்கட்டும்" என்கிறார்.

எங்கேயோ ஏன் கிடக்க வேண்டும் அண்ணே? என் முன்னறையிலும் பாதிதான் மிச்சம். அந்தப் பாதியில் போட்டுத் தையுங்கள். அம்மா விட்டுப்போன வேலையை இந்தச் சங்கம் முடிக்கும். அழாதீர்கள். காலையில் மிஷினைத் தூக்க நான் வருகிறேன்.