இரண்டு படகுக்கு ஒரு செட்

லைஃப் ஜாக்கெட்டை வெயிலில் போடக் கூடாது, ஐயா. நிறம் வெளுத்துவிடும், தையல் இற்றுப்போகும். நிழலில், தோள்பட்டையைப் பிடித்துத் தொங்கவிட வேண்டும். உங்கள் ஆட்கள் சாட்சிப் பொருள் என்று அவற்றைச் சன்னலோரம் குவித்து வைத்திருக்கிறார்கள். பார்க்கப் பொறுக்காமல் சொல்கிறேன். மற்றதைப் பிறகு பேசலாம்.

படகுகளைப் பதிவு செய்வதும், வருஷத்துக்கு ஒரு முறை சோதித்துப் பாதுகாப்புச் சான்றிதழ் தருவதும் என் வேலை. இத்தனை வருஷத்தில் நான் யாரிடமும் கை நீட்டியதில்லை. படகுத்துறையில் டீ குடித்தால்கூட என் டீக்கு நான்தான் காசு கொடுப்பேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அண்ணன் தம்பி இருவர். துறையில் எல்லோரும் அவர்களைப் பெரியவர், சின்னவர் என்றுதான் கூப்பிடுவோம். ஆளுக்கொரு படகு வைத்து எதிரே உள்ள தீவுக்கு ஆட்களை ஏற்றிப் போவார்கள். முதன்முதலாகப் பதிவுக்கு வந்தபோது, பயணிக்கு ஒரு ஜாக்கெட் வேண்டும், ஒவ்வொன்றிலும் அந்தந்தப் படகின் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டத்தைச் சொன்னேன். இருவர் முகமும் தொங்கிப்போயிற்று. ஒரு செட் வாங்கத்தான் அவர்களால் முடிந்திருந்தது.

"ஒரு படகை நிறுத்திட்டா தீவுக்காரங்க என்ன சார் பண்ணுவாங்க? நீந்தியா போவாங்க?" என்று கேட்டார் பெரியவர்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நான் ஆய்வுக்குப் போகும்போது ஜாக்கெட் இருக்க வேண்டும், அவ்வளவுதானே? நான் ஒரே நாளில் இரண்டு படகைப் பார்ப்பதில்லை. படகின் பெயரைத் துணிப் பட்டையில் எழுதி, பொத்தான் வைத்து மாட்டிவிட்டால் ஒரே செட் இரண்டு படகுக்கும் வரும். யோசனை என்னுடையதுதான், மறைக்கவில்லை. பட்டைகளை என் மனைவிதான் வீட்டுத் தையல் மெஷினில் தைத்துக் கொடுத்தாள்.

"எதுக்குங்க ஒரு ஜாக்கெட்டுக்கு ரெண்டு பேரு?" என்றாள்.

"மனுஷனுக்கே வீட்ல ஒரு பேரு, வெளியில ஒரு பேரு இருக்கே. நீ தைம்மா" என்றேன். சிரித்துக்கொண்டே தைத்தாள்.

அதற்குப் பிறகு என் துறையில் ஒரு குறைகூட எழுத வேண்டி வரவில்லை. தலைமை அலுவலகத்தில் என்னைத்தான் உதாரணம் காட்டுவார்கள். நான் பொய் எழுதியதே கிடையாது, ஐயா. நான் எண்ணிய ஒவ்வொரு முறையும் ஜாக்கெட்டுகள் சரியாகத்தான் இருந்தன.

இந்த முறை சின்னவர் படகின் ஆய்வு அடுத்த வாரம்தான் வர வேண்டும். ஆனால் தங்கை வீட்டுக்குப் போக விடுப்பு சொல்லியிருந்தேன். மனைவி பெட்டிகூடக் கட்டிவிட்டாள். வேலையை அரைகுறையாக விட்டுவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது. முன்னதாகவே முடித்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

காலையில் பெரியவர் ஜாக்கெட்டுகளைத் தம்பியின் படகில் ஏற்றிவிட்டு என்னிடம் வந்து நின்றார்.

"காத்து சரியில்ல சார். இன்னிக்கு மட்டும் ஜாக்கெட் என்கிட்டயே இருக்கட்டுமே. இல்லேன்னா நான் படகை எடுக்கல."

"டிக்கெட் வாங்கிட்டு ஜனங்க நிக்கிறாங்க. போன மாசம்தானே உங்களுக்கு சர்டிபிகேட் குடுத்தேன்? படகு பாதுகாப்பா இருக்குன்னு நானே கையெழுத்துப் போட்டிருக்கேன். என் மேல நம்பிக்கை இல்லையா?"

தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். நல்ல மனிதர். அதிகாரியை எதிர்த்துப் பேசத் தெரியாது.

ஆய்வு முடியும்வரை எஞ்சின் சாவியை வாங்கி வைத்துக்கொள்வது என் வழக்கம். பாதியில் யாராவது படகைக் கிளப்பிவிட்டால் எண்ணிக்கை குழம்பிவிடும். அன்றைக்கும் சின்னவரிடம் சாவியை வாங்கிவிட்டுத்தான் ஜாக்கெட்டுகளை எண்ண உட்கார்ந்தேன். எண்ணிக்கொண்டிருக்கும்போதே டிக்கெட் கொடுக்கிற அம்மா அலறினார். பெரியவர் படகு கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஒருக்களித்துக் கிடந்தது. தண்ணீரில் தலைகள் தெரிந்தன.

"சாவியைக் குடுங்க சார். ஜாக்கெட் எல்லாம் இதுலதான் இருக்கு. அங்க எங்கண்ணன் சார்" என்று சின்னவர் ஓடி வந்து கை நீட்டினார்.

ஆய்வு தொடங்கிய படகு அது முடியும்வரை கரையை விட்டு நகரக் கூடாது. இது நான் போட்ட சட்டமில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவரிடம் சட்டம் பேசினால் எடுபடாது. அதனால், சாவி ஆபீஸ் மேசையில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று சொன்னேன். ஆபீஸ் தெருக்கோடியில் இருக்கிறது. மரியாதைக் குறைவாக ஓடவில்லை, நடந்தேன்.

திரும்பி வந்தபோது சின்னவரைக் காணோம். அண்ணனைத் தேடி நீந்தியே போயிருக்கிறார். அத்தனை ஜாக்கெட் பக்கத்தில் கிடந்தும் ஒன்றை எடுத்து மாட்டத் தோன்றவில்லை. அது பெரிய விதிமீறல்தான், ஆனாலும் இறந்துபோனவரைப் பற்றிக் குறை எழுத எனக்கு விருப்பமில்லை. மீன்பிடிப் படகுகள் போய்ச் சேர்வதற்குள் தண்ணீரில் ஒரு தலையும் தெரியவில்லை. நான் மீதி ஆய்வை முடித்தேன். ஹாரன் நன்றாக வேலை செய்தது.

நேற்று மனைவி பார்க்க வந்தாள். "அன்னிக்கே இன்னொரு செட்டை நாமளே வாங்கிக் குடுத்திருக்கலாமேங்க" என்றாள். அரசாங்க ஊழியன் அப்படியெல்லாம் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று எடுத்துச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

நீங்கள் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆபீசுக்குப் போகும்போதும் வரும்போதும் நெஞ்சில் தட்டிக்கொண்டேதான் இருந்தது. யோசித்துப் பாருங்கள், ஐயா. பெரியவர் படகில் போனவர்கள் உடம்பில் சின்னவர் படகின் பெயர் போட்ட ஜாக்கெட் இருந்தால் விசாரணை வரும், இரண்டு பதிவும் ரத்தாகும். அண்ணன் தம்பி இருவர் குடும்பமும் நடுத்தெருவில் நிற்கும். அவர்கள் பிழைப்பை நினைத்துத்தான் செய்தேன்.

பேனாவைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் அந்த ஜாக்கெட்டுகளைச் சன்னலோரத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். புதிது மாதிரியே இருக்கின்றன, பார்த்தீர்களா? இத்தனை வருஷத்தில் ஒன்றுகூட நனைந்ததில்லை.